மஸ்டாங்குக்காக வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் 1966 ஃபோர்டு மஸ்டாங் கார் (நிலையான கூரையுள்ள ஹார்ட்டாப், 289 வி8 எஞ்சின்) 22,000 டாலருக்கு வாங்கினேன். அதில் 14,000 பெர்சனல் லோன். 11% வட்டி, ஐந்து வருஷம். இதுவரை பாகங்களுக்கு மட்டும் 11,000 ஆகியிருக்கிறது. கிரெடிட் கார்டில் 9,600 பாக்கி, வட்டி 24%. போன மாதம் 380 டாலருக்குப் புது அலுமினிய ரேடியேட்டர் போட்டும் டெம்பரேச்சர் முள் மேலேயே நிற்கிறது. டேங்க் நிரப்பினால் பெட்ரோல் முள்ளும் எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் ஒரு நாளும் கொதித்து வழிந்ததில்லை. மழை பெய்தால் பக்கத்து சீட்டுக்கு முன்னால் கார்ப்பெட் ஈரமாகிறது. பெயின்ட், இன்டீரியருக்கு 18,000 எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மனைவியின் அண்ணன், “வீட்டு ஈக்விட்டியில் (வீட்டு மதிப்பில் கடன் போக மிஞ்சும் பங்கில்) 37,000 எடு, எல்லாக் கடனையும் அடை, வண்டியை முடி, 45,000க்கு விற்று லாபத்தைப் பாதிப் பாதி எடுத்துக்கலாம்” என்கிறார். 8.5% வட்டியில் மாதம் 262 டாலர்தான் வரும். ‘கார் ஃபண்ட்’ என்று தனியாக 2,400 வைத்திருக்கிறேன், மாதம் 600 போடுகிறேன். கடன் வாங்கலாமா? கிளாசிக் கார்களில் பங்கு விற்கும் ஆப்பில் கொஞ்சம் போடலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணம் வட்டி விகிதத்தில் இல்லை, அந்த ரேடியேட்டரில் இருக்கிறது.

இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகின்றன, ஆனால் வண்டி கொதிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேஷ்போர்டு மீட்டருக்குப் பின்புறம் இருக்கும் சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர். பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட்டுக்கு இறக்குவது அதன் வேலை. அதன் எர்த் சரியில்லாவிட்டாலோ உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டாலோ முழு 12 வோல்ட்டும் போய் எல்லா முள்ளும் ஒன்றாக ஏறும். அப்படியே விட்டால் மீட்டரும் எரியும். பாகம் 20 முதல் 40 டாலர். உறுதி செய்ய, 25 டாலர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் காட்டுங்கள். 180 முதல் 200 ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் எஞ்சினுக்குக் காய்ச்சல் இல்லை. நிஜமாகவே சூடாகும் வண்டியிலும் ஒரு கணக்கு உண்டு: சிக்னலில் நின்றால் மட்டும் சூடு ஏறினால் ஃபேன் அல்லது அதைச் சுற்றியிருக்கும் உறையான ஃபேன் ஷ்ரவுட். ஹைவேயில் சூடு ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உறிஞ்சிச் சப்பிப்போவது.

ஆக, உங்களை மூழ்கடிக்கும் பழக்கம் ஒன்றுதான்: கோளாறு எதுவென்று பார்க்கும் முன்பே பாகத்தை ஆர்டர் செய்து கார்டில் தேய்ப்பது. பாகங்களுக்குப் போன 11,000இல் இப்படி எவ்வளவு என்று பழைய ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள்.

இப்போது மச்சானின் கணக்கு. லோனில் பாக்கி சுமார் 9,300. கார்டு 9,600. எஸ்டிமேட் 18,000. மொத்தம் ஏறக்குறைய 37,000. இன்று லோனுக்கு 304, கார்டு மினிமம் 288 என்று மாதம் 592 கட்டுகிறீர்கள். அது 262 ஆகிறது என்றால் யாருக்கும் இனிக்கும். ஆனால் அந்த 262 வெறும் வட்டி. இந்த வகைக் கடனில் முதல் பத்து வருஷம் வட்டி மட்டும் கட்டலாம் என்று இருக்கும். அப்படிக் கட்டினால் 31,000க்கு மேல் போன பிறகும் அசல் 37,000 அப்படியே நிற்கும். விகிதமும் நிலையானதல்ல. காருக்குச் செலவழிப்பதால் வட்டிக்கு வரிச் சலுகை கிடையாது. அது வீட்டை வாங்க, கட்ட, மேம்படுத்தச் செலவழித்தால்தான். 24 சதவீதக் கடனை 8.5க்கு மாற்றுவது தாளில் நல்ல யோசனைதான். உங்கள் விஷயத்தில் கார்டு காலியானதும் அடுத்த கார்புரேட்டர் அதில் ஏறும், வீடு மட்டும் அடமானத்தில் இருக்கும்.

45,000 எங்கிருந்து வந்தது? விஐஎன் (வண்டியின் அடையாள எண்) தகட்டைப் பாருங்கள். மூன்றாவது நான்காவது இடத்தில் 07 என்றால் ஹார்ட்டாப், 09 என்றால் கூரை பின்னால் சரிந்திறங்கும் ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது எழுத்து ‘சி’ என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் உள்ள 289, ‘கே’ என்றால் 271 குதிரைசக்தி. மச்சான் சொல்வது 09-களின் விலை. 1966 மாடலில் தயாரான ஆறு லட்சத்துச் சொச்சம் மஸ்டாங்கில் ஏறக்குறைய ஐந்து லட்சம் ஹார்ட்டாப். அபூர்வம் என்று சொல்லி விற்க முடியாது. ஓடும் நிலையிலுள்ள ‘சி’ ஹார்ட்டாப் சுமார் 25,000. நன்றாக முடித்தால் 30,000 பக்கம் என்று வையுங்கள். விளம்பர விலையை விடுங்கள், விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். வேலை முடியும்போது நீங்கள் போட்டிருப்பது 22,000 + 11,000 + 18,000 = 51,000. இதில் எந்த லாபத்தைப் பாதியாகப் பிரிப்பது? நஷ்டத்தில் விற்றால், சொந்த உபயோக வண்டி என்பதால் அதை வரியில் கழிக்கவும் முடியாது.

அந்த 18,000 எஸ்டிமேட்டிலும் ஓட்டை இருக்கிறது. கார்ப்பெட் நனைவது விண்ட்ஷீல்டுக்குக் கீழுள்ள கௌல் (உள்ளே காற்று போகும் தகட்டுப் பெட்டி) துருப்பிடித்ததால் இருக்கலாம். இந்த வருஷத்து மஸ்டாங்குகளின் பிறவி நோய் அது. கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, வெளியே கௌல் துளைகளில் ஒரு ஜாடி தண்ணீர் ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் அடித்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்க்கட்டும். சொட்டினால் மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டிங்கை எல்லாம் துளைத்தெடுத்து, தகடு மாற்றி, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். இது தெரியாமல் முதலில் பெயின்ட் அடித்தால் அதே இடத்தைக் கிழிக்க வேண்டிவரும். ஒஹாயோவில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள் என்பதால் வண்டியின் தரையையும் அடிச்சட்டமான ஃப்ரேம் ரெயிலையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

ஒரே ஒரு செலவைத் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான் இருக்கிறதா பாருங்கள். 1966 வரை அப்படித்தான் வந்தது. ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு பிரேக்கும் போகும். இரண்டு அறை சிலிண்டருக்கு மாற்றப் பாகம் சுமார் 300 டாலர். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்ற 30 டாலர்.

பெயின்ட்டை நிறுத்துங்கள். 2,400ஐ இன்றே கார்டில் கட்டுங்கள், பாக்கி 7,200. 24% கடன் நிற்கும்போது தனி ஃபண்ட் வைத்திருப்பது கைப்பணத்தைக் கரைப்பதுதான். இனி 600இல் 150ஐ வண்டிக்கு ரொக்கமாக ஒதுக்கி, 450ஐயும் இப்போது கட்டும் 288ஐயும் கார்டில் போட்டால் பதினோரு மாதத்தில் முடியும். இன்ஷூரன்ஸ், ஆயில், டியூனிங், டயர் எல்லாம் அந்த 150க்குள். ஆயில் மட்டும் துத்தநாகம் கூடுதலாக உள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கேம்ஷாஃப்ட் தேயும். 150இல் அடங்காத மாதம் வண்டி கராஜிலேயே நிற்கட்டும்.

பதினோரு மாதம் பொறுமை இல்லையென்றால் விற்றுவிடுங்கள். பெர்சனல் லோன் என்பதால் வழக்கமாக டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) வங்கிப் பெயர் இருக்காது. ஈரக் கார்ப்பெட்டை மறைக்காமல் சொல்லி 24,000 கிடைத்தாலும் இரண்டு கடனும் அடைந்து ஐயாயிரம் மிஞ்சும்.

மச்சானிடம், பங்கு வேண்டுமென்றால் செலவில் பாதியை ரொக்கமாகக் கொடுத்து எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். லாபத்தில் மட்டும் கூட்டு என்றால், தீபாவளிக்கு வந்து வண்டியில் ஒரு ரவுண்டு போய்வரட்டும்.

ஆப்பில் கார் பங்கா? கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள், விற்க நினைத்த நாளில் வாங்க ஆள் இருப்பது நிச்சயமில்லை. அந்தப் பணத்தையும் கார்டில் கட்டுங்கள்.