அப்பாவின் 75-க்கு மூன்று நாள் பயணம்: சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவர் சம்பளம், என் தையல் வருமானம் இரண்டும் சேர்ந்து மாதம் 58,000 ரூபாய். அப்பாவுக்கு ஜனவரியில் 75 வயது நிறைகிறது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கோவையிலிருந்து அக்கா குடும்பம் (4 பேர்), பெங்களூரிலிருந்து தம்பி குடும்பம் (3 பேர்), நாங்கள் நால்வர், அப்பா, அம்மா என்று 13 பேர் பொங்கல் லீவில் ராயபுரம், திருவொற்றியூர், பொன்னேரி, பழவேற்காடு எல்லாம் மூன்று நாள் சுற்றலாம் என்று ஆசை. பொன்னேரி பக்கம் ரிசார்ட்டில் 5 அறை, இரண்டு இரவுக்கு 45,000, வேன் மூன்று நாளுக்கு 22,500, சாப்பாடு 15,000, இதர செலவு 7,500. மொத்தம் 90,000. கூப்பிடுவது நான் என்பதால் அவர்களிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மகள் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கட்டிவரும் ஒரு லட்ச ரூபாய் சீட்டு (20 மாதம், இப்போது 8-வது) இருக்கிறது. இந்த மாதம் ஏலத்தில் எடுத்தால் 24,000 தள்ளுபடியாகக் கழிந்து 76,000 கைக்கு வரும் என்கிறார்கள். எடுக்கலாமா, இல்லை கிரெடிட் கார்டில் தவணை போடலாமா? கணவர் ஆபீஸில் எல்.டி.ஏ. (விடுப்புப் பயணப் படி) கிடைக்குமா?

பதில்: சீட்டைத் தொடாதீர்கள். 24,000 தள்ளினால் அதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக மீதி சீட்டில் உள்ள 20 பேருக்கும் பிரியும். உங்கள் பங்குக்குத் திரும்பி வருவது ஆயிரத்தைத் தாண்டாது. ஆக, 76,000 ரூபாய்க்கு 23,000 கொடுக்கிறீர்கள். அதன் பிறகும் 12 மாதம் கட்டியாக வேண்டும். மகள் ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போது சீட்டும் இருக்காது, கட்டவேண்டிய தவணை மட்டும் இருக்கும். ஜூனில் அது 17-வது மாதத்துக்கு வந்துவிடும். கடைசி மாதங்களில் அவசரக்காரர்கள் குறைந்து தள்ளுபடித் தொகையும் இறங்கியிருக்கும். அப்போது எடுங்கள். சீட்டு பதிவு செய்யப்பட்டதுதானா, ஒப்பந்த நகல் கையில் இருக்கிறதா என்பதை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டும் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்பார்கள். பிராசஸிங் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இருக்கும். ஒரு மாதம் தவறினால் பல கார்டுகளில் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும்.

இப்போது அந்த 90,000-க்கு வருவோம். நீங்கள் பார்க்கப்போகிற இடங்களுக்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. பணத்தில் முக்கால் பங்கு அறைக்கும் வேனுக்கும்தான் போகிறது. உங்கள் வீடோ தண்டையார்பேட்டையில். திருவொற்றியூரைப் பார்க்கப் பொன்னேரியில் அறை எதற்கு?

முதல் நாளைக் காணும் பொங்கலாக வையுங்கள். அன்று பழவேற்காடு பக்கம் தலைவைக்க வேண்டாம், கூட்டம் தாங்காது. காலையிலேயே மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் இறங்கித் தியாகராஜர், வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்துவிடலாம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம். மகிழ மரத்தடியில் அவர் செய்த சத்தியத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு அம்மா சொல்லட்டும். பட்டினத்தார் சமாதியும் கடலோரத்தில் அங்கேயே இருக்கிறது. மதியம் நடை சாத்துவதற்குள் முடித்துக்கொண்டு வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் அப்பாவை ராயபுரம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போங்கள். 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். ரயில்வேக்காரருக்கு இதைவிட நல்ல பிறந்தநாள் இடம் எனக்குத் தோன்றவில்லை. அன்று வேன் கிடையாது, அறையும் கிடையாது. இரவு 13 பேருக்கும் பாய் விரிக்க இடம் போதாதென்றால் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்து, அதை இதர செலவில் எழுதுங்கள்.

மறுநாள் காலை வேன். பொன்னேரி அகத்தீஸ்வரர், திருப்பாலைவனம் கோயில், பிறகு பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். வாசலின் இருபுறமும் செதுக்கி வைத்திருக்கும் எலும்புக்கூடுகளை விட்டுப் பிள்ளைகள் நகரமாட்டார்கள். ஜனவரியில் ஏரியில் பூநாரைகளையும் பார்க்க வாய்ப்புண்டு. படகுச் சவாரிக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட ஒதுக்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை போட்டார்கள். கரையில் யாராவது கூப்பிட்டாலும் போகவேண்டாம். அன்று ஓர் இரவு ரிசார்ட், மூன்றாம் நாள் மீஞ்சூர் வழியாக வீடு. மகளுக்குப் பொதுத்தேர்வு வருகிறது, நாலாவது நாளுக்கு இழுக்காதீர்கள்.

இப்படிப் போட்டால் அறை 22,500, வேன் இரண்டு நாளுக்கு 15,000, சாப்பாடு 12,000, இதரம் 5,500. மொத்தம் 55,000. அறை வாடகை வரியோடு சேர்த்தா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள் (ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்). டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் வேனின் ஒரு நாள் வாடகை 7,500-க்குள் வருகிறதா என்று வேன்காரரிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்து, கூச்சம். வீட்டுச் சாப்பாடும் பாயும் தலையணையும் உங்கள் உபசாரம், அதற்குக் கணக்கு வேண்டாம். வெளியே போகிற பயணம் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து அப்பாவுக்குச் செய்வது. அதை நீங்கள் ஒருவரே சுமந்தால்தான் நாளைக்கு மனக்கசப்பு வரும், “நாங்க தரமாட்டோம்னா சொன்னோம்?” என்று அக்காவே கேட்பார். அப்பா, அம்மா நீங்கலாக 11 பேர், தலைக்கு 5,000. உங்களுக்கு 20,000, அக்காவுக்கு 20,000, தம்பிக்கு 15,000. இப்போதே போன் போட்டு, “அக்கா, அப்பாவோட 75-க்கு நாம மூணு பேரும் சேர்ந்து பண்ணலாம், தலைக்கு அஞ்சாயிரம் வருது, டிசம்பருக்குள்ள போட்டுடு” என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் டிக்கெட் எடுத்த பிறகு சொன்னால்தான் தப்பாகும். தம்பி குழந்தைக்குப் பாதி போதும் என்றால் விட்டுக்கொடுங்கள்.

உங்கள் 20,000-க்கு நாலு மாத அவகாசம் இருக்கிறது. தீபாவளி போனஸில் 8,000 எடுத்து வையுங்கள். மீதி 12,000-க்கு மாதம் 3,000, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போகட்டும்.

எல்.டி.ஏ.வை நம்பவேண்டாம். கணவர் புதிய வரி முறையில் இருந்தால் அந்தப் படிக்கான வருமான வரி விலக்கே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். அறை, சாப்பாடு, ஊருக்குள் சுற்றும் வேன் எதுவும் சேராது. மாமனாரும் மாமியாரும் அந்தக் கணக்கில் குடும்பமாக வரமாட்டார்கள். வேன் ரசீதை ஆபீஸில் கொடுத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள்.