குடிக்காதவர் ரவுண்டு வாங்க வேண்டுமா?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் பப்பில் கோக் மட்டும் குடித்த உங்களிடம் சக ஊழியர் "யுவர் ரவுண்ட், மேட்" என்றாரா? அவர் கேட்டது முறைதான். ஒருவர் மாற்றி ஒருவர் மொத்தக் குழுவுக்கும் பானம் வாங்குவது அங்கே வழக்கம், அதைத்தான் ரவுண்டு என்கிறார்கள். அடுத்தவர் வாங்கித் தந்ததைக் குடித்தால் உங்கள் முறையும் வரும், அது கோக்காக இருந்தாலும் சரி. ஆறு பேர் என்றால் செலவு கையைக் கடிக்கும். அடுத்த முறை போனதுமே "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், பொதுவாக யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். பாதியில் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள்.

அப்புறம், பெரும்பாலான பப்களில் கவுன்டருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். வரிசையே இல்லாதது போலத் தெரியும். ஆனால் யார் முதலில் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பணத்தாளை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். மணியடித்து "லாஸ்ட் ஆர்டர்ஸ்" என்றால் அதுதான் கடைசி ரவுண்டு.