பிள்ளைக்கு ஒப்பிடக் கற்றுத்தர யுரேனஸ், நெப்டியூனில் தொடங்குங்கள்

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒப்பிட்டு வேறுபடுத்தச் சொல்லித்தந்தால் பிள்ளை எண்களை மனப்பாடம் செய்து மறுநாளே மறந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக விட்டம், நிறை, நிலாக்கள் என்று கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை உங்கள் கையில் இருக்கும். அதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அட்டவணையை நிரப்புவது வேறு, ஒப்பிடுவது வேறு.

என் மகளுக்கு ஒன்பது வயதில் இதே பாடம் வந்தது. நான்கையும் ஒன்றாக எடுக்காமல் இரண்டை மட்டும் எடுத்தோம், அதுவும் எல்லாரும் கடைசியில் அவசரமாக முடிக்கிற யுரேனஸும் நெப்டியூனும். வியாழனையும் சனியையும் பக்கத்தில் வைத்தால் "இதுக்கு வளையம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை எழுந்து போய்விடும். இந்த இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் யோசித்தே ஆக வேண்டும்.

யுரேனஸின் விட்டம் சுமார் 51,000 கிலோமீட்டர், நெப்டியூன் 49,500. எது கனம் என்று கேட்டேன். பெரியதுதான் என்றாள். யுரேனஸ் பதினான்கரை பூமிகளின் நிறை, நெப்டியூன் 17 பூமிகளின் நிறை என்று காட்டியதும் அவள் நம்பவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அப்போ உள்ளே இன்னும் நெருக்கமா அடைஞ்சிருக்கு" என்று அவளே சொன்னாள். அடர்த்தி என்ற சொல்லை நான் அதற்கப்புறம்தான் எடுத்தேன்.

சரி, எது அதிகக் குளிர்? சூரியனிலிருந்து நாம் இருப்பதைப்போல யுரேனஸ் 19 மடங்கு தூரத்திலும் நெப்டியூன் 30 மடங்கு தூரத்திலும் இருக்கின்றன, அதனால் நெப்டியூன் என்றாள். அங்கேயும் ஆச்சரியம்தான், இரண்டின் மேகப் பகுதியிலும் குளிர் ஏறக்குறைய ஒன்றே, சுமார் மைனஸ் 200 டிகிரி. நெப்டியூன் சூரியனிடமிருந்து வாங்குவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை வெளியே விடுகிறது, யுரேனஸின் உள்ளிருந்து வருவது மிகக் குறைவு. ஏன் என்று கேட்டாள். விஞ்ஞானிகளே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அவளுக்கு மிகவும் பிடித்த பதில் அதுதான்.

அதற்கப்புறம் வியாழனுக்கும் சனிக்கும் நான் ஒன்றுமே சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சனியின் விட்டம் வியாழனைவிட ஆறில் ஒரு பங்குதான் குறைவு, ஆனால் வியாழன் 318 பூமிகளின் நிறை, சனி வெறும் 95. "சனி லூஸா இருக்கு" என்றாள். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த கோள் அது ஒன்றுதான், அவள் சொன்னது சரியே. ஹைட்ரஜனும் ஹீலியமுமாக இருக்கிற இரண்டு ஒரு பக்கம், தண்ணீர், மீத்தேன், அம்மோனியா அதிகமுள்ள இரண்டு மறுபக்கம் என்று பிரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

இப்படி நடத்தினால் பாடத்திட்டம் முடியாது என்று சிலர் சொல்வார்கள். வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு செய்வது கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை, ஆசிரியர்களைக் குறைசொல்லவும் வரவில்லை. ஆனால் ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. "வளையங்கள் உள்ள கோள் எது" என்ற தேர்வுக் கேள்விக்கு என் மகள் நான்கின் பெயரையும் எழுதினாள். தவறு என்று சுழித்து மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள். யுரேனஸின் வளையங்கள் 1977இல் தெரிந்துவிட்டன, வியாழனுடையது 1979இல், நெப்டியூனுடையதை 1989இல் வாயேஜர் 2 விண்கலம் உறுதி செய்தது. போய்க் கேட்டதற்கு, புத்தகத்தில் உள்ளதை எழுதினால் போதும் என்றார்கள். சரியாக ஒப்பிட்ட பிள்ளைக்குத் தண்டனை என்றால் அடுத்த முறை அது ஏன் யோசிக்கப் போகிறது? மதிப்பெண் போனதைவிட, அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு பதிலுக்கும் "புத்தகத்துல எப்படி இருக்கு" என்று கேட்கத் தொடங்கியதுதான் எனக்கு வலித்தது.

இன்னொன்று, உங்கள் அட்டவணையில் நிறம் என்று ஒரு வரிசை இருந்தால் கவனம். நெப்டியூன் கரும் நீலமாகத் தெரியும் பழைய வாயேஜர் படங்கள் நுணுக்கங்கள் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டி வெளியிட்டவை. 2024இல் வெளியான மறு ஆய்வின்படி யுரேனஸ், நெப்டியூன் இரண்டுமே வெளிர் பச்சை கலந்த நீலம்தான், நெப்டியூன் கொஞ்சம் கூடுதல் நீலம், அவ்வளவே. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடமே கேளுங்கள்.