பிரிண்டரில் வெள்ளை கிடையாது: நாஸ்கார் மாடலுக்கு வீட்டு டெக்கால்

கேள்வி: 1/24 அளவில் மோனோகிராம் கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று வைத்திருக்கிறேன், 1980களின் நடுவில் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் ஓடிய செவர்லே மான்டே கார்லோ. எல்லாரும் செய்கிற பிரபல டிரைவர் வண்டி எனக்கு வேண்டாம், பெரிய டீம் எதிலும் இல்லாத ஒருவர் ஓட்டிய கருநீல வண்டியைச் செய்ய ஆசை. இங்க்ஜெட் பிரிண்டரில் டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) அடித்து ஒட்டிப் பார்த்தேன், வெள்ளை எண் காணாமலே போய்விட்டது, மற்ற எழுத்துகளும் மங்கல். போதாததற்கு கிட்டில் வந்த ரோல் கேஜ், டிரைவரைக் காக்கும் அந்தக் குழாய்க் கூண்டு, உடைந்துவிட்டது, பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தகடான ஸ்பாய்லர் பலகை மாதிரித் தடிமன். இதையெல்லாம் நானே செய்ய முடியுமா?

பதில்: முடியும். பிரிண்டரிடம் எதைக் கொடுப்பது, பெயின்ட்டிடம் எதை விடுவது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை அங்கேயே தீர்ந்துவிடும்.

வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கம்ப்யூட்டரில் நீங்கள் வெள்ளை வைத்த இடத்தில் அது எதையும் அடிக்காமல் விட்டுவிடும், காகிதம்தான் வெள்ளையாயிற்றே என்பது அதன் கணக்கு. மற்ற நிற மைகளும் கண்ணாடிக் காகிதம் மாதிரிதான், கீழே இருக்கும் நிறம் மேலே தெரியும், அதனால் கருநீலத்தின் மேல் ஒட்டிய மஞ்சள் அழுக்குப் பச்சையாகத்தான் தெரியும். வெள்ளையும் அடிக்கும் ஆல்ப்ஸ் பிரிண்டர்களை மாடல் செய்பவர்கள் பொக்கிஷம் போல வைத்திருந்தார்கள், அவற்றின் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது. வெள்ளை டோனர் போடும் லேசர் பிரிண்டர்கள் உண்டு, ஆனால் ஒரே ஒரு காருக்காக வாங்குகிற சாமான் இல்லை அது.

வெள்ளை டெக்கால் பேப்பரை வாங்கி எண்ணைச் சுற்றி நீலம் அடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பிரிண்டரின் நீலமும் உங்கள் பெயின்ட்டின் நீலமும் ஒருநாளும் ஒத்துப்போகாது, கதவில் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். பெரிய எண்களைப் பெயின்ட்டிலேயே செய்துவிடுங்கள். கதவிலும் கூரையிலும் எண் வரும் இடத்தில் முதலில் வெள்ளை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். மாஸ்கிங் டேப்பை ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி, அச்சடித்த எண்ணை அதன்மேல் வைத்து, புது பிளேடால் வெட்டி எடுத்து, வெள்ளையின் மேல் ஒட்டுங்கள். அப்புறம் உடனே நீலத்துக்குப் போகாதீர்கள்: டேப்பின் ஓரங்களில் இன்னொரு மெல்லிய வெள்ளைக் கோட் கொடுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது அந்த வெள்ளையாகவே இருக்கும், அது காய்ந்து இடுக்கை அடைத்துவிடும், அதற்கு மேல் வரும் நீலத்துக்கு நுழைய வழி இருக்காது. நீலம் முழுதாக இறுகும் முன்பே டேப்பைத் தாழ்வாக மடக்கி உரித்தால் ஓரம் கத்தி வெட்டுப் போல நிற்கும்.

முன் மட்கார்டில் கூட்டமாக இருக்கும் சின்ன ஸ்டிக்கர்களைத் தாராளமாக வெள்ளைப் பேப்பரில் அடியுங்கள். எண்ணெய், ஸ்பார்க் பிளக், பிஸ்டன் ரிங் கம்பெனிகளின் ஸ்டிக்கர்கள் அவை, நிஜ வண்டியிலேயே பெரும்பாலும் சொந்தப் பின்னணியோடு கட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒட்டப்பட்டவை. சுற்றிலும் வெட்டினால் போதும். வெட்டிய விளிம்பில் பேப்பரின் வெள்ளை கோடாகத் தெரியும், ஒட்டும் முன்பே அதை அதே நிற மார்க்கரால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். வெளிர் நிறப் பரப்பின் மேல் வரும் கறுப்பு, அடர்சிவப்பு எழுத்துகளுக்கு மட்டும் கிளியர் பேப்பர், அதாவது நிறமில்லாத டெக்கால் பேப்பர்.

இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும் என்பதால், அச்சடித்த தாளைச் சில மணி நேரம் காயவிட்டு, கிளியர் அக்ரிலிக் ஸ்பிரேயைத் தூவுவது போல மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். முதல் கோட்டையே ஈரமாக அடித்தால் மை ஓடிவிடும். உங்கள் எழுத்து மங்கியதற்கு அடிநிறம் ஒரு காரணம், இந்த கிளியர் போதாமல் மை கரைந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். ஒட்டப்போகும் பரப்பு பளபளப்பாக இருக்கட்டும். சொரசொரப்பான பெயின்ட்டில் டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தது போல ஆகிவிடும். மைக்ரோ சால் மாதிரி மென்மையாக்கும் திரவங்கள் கம்பெனி டெக்காலுக்காகச் செய்யப்பட்டவை, வீட்டு டெக்காலை அவை சுருட்டி நாசமாக்கக்கூடும். வீணாய்ப்போன ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் காரில் தொடுங்கள்.

அளவை எப்படிப் பிடிப்பது? பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு படம் தேடுங்கள். 1981 முதல் அந்த வண்டிகளின் வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம்) 110 அங்குலம், 1/24இல் அது 116.4 மி.மீ. படத்தில் வீல்பேஸ் 220 மி.மீ., எண்ணின் உயரம் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், 40ஐ 220ஆல் வகுத்து 116.4ஆல் பெருக்கினால் 21.2 மி.மீ., அதுதான் உங்கள் டேப்பில் வர வேண்டிய உயரம். அந்தக் காலத்து எண்களில் பல கையால் வரைந்தவை, ஃபான்ட் தேடி அலையாதீர்கள், இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் படத்தைப் போட்டு அதன் மேலேயே கோடு இழுத்து எடுங்கள். முடிந்தவரை ஒரே பந்தயத்தின் படங்களையே நம்புங்கள். ஸ்பான்சர் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், சின்ன டீம்களில் இன்னும் மோசம். வண்டி சுழலும்போது மேலே எழாமல் தடுக்க நிமிரும் மடலைக் கூரையில் வைத்துவிடாதீர்கள், அது 1994இல்தான் வந்தது.

சரி, பாகங்கள். இங்கே தடிமன்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நிஜ ஸ்பாய்லர் ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குல அலுமினியத் தகடு என்று கொண்டால், 1/24இல் 0.13 மி.மீ. வரும். கிட்டில் வருவது அதைப் போல் பல மடங்கு. 0.13 மி.மீ. ஸ்டைரீன் (மாடல் செய்யும் பிளாஸ்டிக்) ஷீட் கிடைக்கிறது, அதில் வெட்டி, பின்னால் மயிரிழை போன்ற தாங்கு கம்பிகளை ஒட்டினால் வண்டியின் பின்பக்கமே வேறாகத் தெரியும்.

ரோல் கேஜுக்கு நிஜத்தில் 1¾ அங்குலக் குழாய், 44.45 மி.மீ., 24ஆல் வகுத்தால் 1.85. அதனால் 2 மி.மீ. ஸ்டைரீன் கம்பி எடுங்கள், 1.6 நோஞ்சானாகத் தெரியும். சூடான தண்ணீரில் சற்று நேரம் வைத்து ஒரு பேனாவைச் சுற்றி வளைத்தால் உடையாமல் வளையும். இரண்டு கம்பி சேரும் இடத்தில் ஒன்றின் நுனியை உருண்டை அரத்தால் குழிவாக ராவி, மற்றதன் முதுகில் கவ்வ வைத்து, கரைப்பான் பசை ஒரு சொட்டு விடுங்கள், வெல்டிங் போலவே தெரியும். தட்டையாக வெட்டி முட்டவைத்த கேஜ் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் பொம்மைதான். முதலில் பிரதான வளையம், அப்புறம் முன்கால்கள், கடைசியில் டிரைவர் கதவுப் பக்கத்து நான்கு கம்பிகள். அந்த நான்கும் வெளிப்பக்கம் புடைத்திருக்கும், கிட் உடம்பின் கதவு உள்ளே தடிமனாக இருப்பதால் அவை இடிக்கும், எனவே ஒட்டும் முன் பாடியை ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்கள்.

சீட் பெல்ட் 3 அங்குல அகலம், அதாவது 3.2 மி.மீ. டேப் பட்டை. டிரைவர் பக்க ஜன்னல் வலையின் நாடாவுக்கு 1 மி.மீ. பட்டைகள். 1970இல் டார்லிங்டன் பந்தயத் தடத்தில் நாஸ்கார் டிரைவர் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது அவர் கை வெளியே தொங்கியதைப் பார்த்த பிறகுதான் அந்த வலை கட்டாயமானது, எனவே உங்கள் வண்டியில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக் ஒயர் நிஜத்தில் 8 மி.மீ., அதற்கு 0.3 மி.மீ. ஒயர் போதும்.

டயரின் மஞ்சள் எழுத்தும் அதே வெள்ளைப் பிரச்சினைதான், கறுப்பின் மேல் கிளியர் டெக்கால் தெரியாது. டேப்பில் எழுத்தை ஓட்டையாக வெட்டி டயரில் ஒட்டி, முதலில் வெளிர்நிறம் ஒற்றி, அதன் மேல் மஞ்சள் ஒற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் வரும் கடைசி கிளியர் பூச்சை டெக்கால் ஒட்டி மறுநாள்தான் அடிக்க வேண்டும், அதையும் ஒரே மூச்சில் ஈரமாக அடிக்காமல் மெல்லிய கோட்டுகளாக. லாக்கர் வகை (வீரியமான கரைப்பான் உள்ள) கிளியர் வைத்திருந்தால் முதலில் ஒரு பழைய பாடியில் மிச்ச டெக்காலை ஒட்டி அதன் மேல் அடித்துப் பாருங்கள், உங்கள் அக்ரிலிக் படலத்தை அது கரைக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.