மரபணு ரிப்போர்ட் நார்மல் என்றால் ஏஎல்எஸ் இல்லை என்று ஆகிவிடுமா?

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு ஏஎல்எஸ், அதாவது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சிதைந்துகொண்டே போகும் நோய். டிடிபி-43 புரதம்தான் பிரச்சினை என்று டாக்டர் சொன்னார், ஆனால் அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் மாற்றமில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை.

இந்தப் புரதம் இருக்க வேண்டிய இடம் செல்லின் உட்கரு. அங்கே ஆர்என்ஏவை, அதாவது மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் செய்தியைப் பிடித்து, வேண்டாத துண்டுகள் அதில் சேராமல் பார்த்துக்கொள்கிறது. நோயில் அது உட்கருவை விட்டு வெளியேறி, செல்லுக்குள்ளேயே வேறிடத்தில் திரண்டுவிடும். அப்புறம் உட்கருவில் கண்காணிக்க ஆளில்லை. நரம்பிழை வளரவும் பழுதுபார்க்கவும் வேண்டிய ஸ்டாத்மின்-2 போன்ற புரதங்கள் குறைந்துபோகின்றன. அந்தத் திரளில் இருப்பது இந்தப் புரதம் என்று 2006இல் கண்டறியப்பட்டது; இது ஏஎல்எஸ் நோயாளிகளில் ஏறக்குறைய 97 சதவீதம் பேரிடம் உண்டு. அந்த மரபணுவிலேயே மாற்றம் உள்ளவர்களோ மிகச் சிலர். மரபணு சரியாக இருந்தும் புரதம் இடம் மாறுவதுதான் வழக்கம்.

ஆகவே ரிப்போர்ட்டை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்து, நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்தான ரிலுசோலை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. ஏஎல்எஸ்ஸுக்குக் காரணமாகக்கூடிய இன்னொரு மரபணுவான எஸ்ஓடி1-ஐயும் பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். அதில் மாற்றம் உள்ள வகைக்குத் தனி மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அப்பா சாப்பிடும்போது புரையேறுகிறதா? அதை அடுத்த விசிட்டில் முதலில் சொல்லுங்கள்.