பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

வந்து குவிந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "லீவு வருது சார், காசு கரையாமல் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போறது?" பள்ளியில் அறிவியல் நடத்திய காலம் முழுக்கச் சனி, ஞாயிறுகளில் ஒரு பிள்ளைப் பட்டாளத்தோடு இந்தக் கரையோரம் அலைந்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். பிள்ளையின் கையில் ஏதாவது வேலை கொடுக்கும் நிகழ்ச்சிக்குத்தான் என் ஓட்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கைதட்டச் சொல்லும் விழாக்களை இந்தப் பதில்களில் தேடாதீர்கள்.

"நிழல் இல்லாத நாள்" என்று ஒன்று வருகிறதாமே, எங்கள் தெருப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்கலாமா? பெரிய கருவிகள் வேண்டுமா? (லாஸ்பேட்டை)

தாராளமாகச் செய்யலாம். வருடத்தில் இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். புதுச்சேரிக்கு அது ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 வாக்கில். கடலூர் சற்றுத் தெற்கே இருந்தாலும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். ஒரு நாள் முன்பின் ஆனாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. அதே ஏப்ரலில் சென்னைக்கு மூன்று நாள் கழித்துத்தான் வரும். அங்கே சித்தி வீடு இருந்தால் போனில் பேசி இரண்டு ஊரின் நிழலையும் ஒப்பிடச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதில் தனி உற்சாகம்.

தேவையானது ஒரு துண்டு பி.வி.சி. குழாய், நூலில் கட்டிய கல், சாக்பீஸ், கடிகாரம். குழாயைத் தரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். செங்குத்தா என்று பார்க்கத்தான் அந்தக் கல் கட்டிய நூல். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கிற அதே வித்தை. பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சரியாகப் பன்னிரண்டு அடிக்கும்போது, "சார், இன்னும் நிழல் இருக்கே" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பொறுங்கள், பாடமே அங்கேதான் தொடங்குகிறது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. புதுச்சேரி அதற்கு மேற்கே ஏறத்தாழ 2.7 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் பத்து, பதினோரு நிமிடத் தாமதம். ஏப்ரலில் 12.10 வாக்கில் குழாயின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகஸ்டில் இன்னும் நாலைந்து நிமிடம் கழித்து.

லாஸ்பேட்டையிலேயே அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. புதுவை அறிவியல் இயக்கத்தாரும் இதுபோன்ற வானியல் நிகழ்வுகளை மக்களோடு சேர்ந்து செய்கிறவர்கள். ஒரு வாரம் முன்பே விசாரித்து வையுங்கள். ஆகஸ்டில் மேகம் மறைத்துவிடும் வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் வெயில்தான் தொல்லை. தொப்பி, தண்ணீர், மோர். சூரியனை யாரும் நேராக அண்ணாந்து பார்க்கக் கூடாது, பெரியவர்களும்தான்.

ஏழாவது படிக்கும் மகளுக்கு அரிக்கமேடு பற்றிப் புராஜெக்ட். போன ஞாயிறு நேரில் போனோம். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டாள். (புதுப்பாளையம், கடலூர்)

அவள்மேல் தப்பில்லை அம்மா. வரிசை மாறிவிட்டது. ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் இன்று கண்ணில் படுவது தோப்பும், ஆற்றங்கரையும், பழைய செங்கல் சுவரும். அந்தச் சுவரும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் கட்டடத்தின் மிச்சம், ரோமானியர் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், பிறகு 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. தோண்டிப் பார்த்த குழிகளையெல்லாம் மண் போட்டு மூடிவிட்டார்கள்.

ஆகவே முதலில் பாரதி பூங்கா பக்கத்திலிருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இத்தாலியிலிருந்து மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல், பாசிமணிகள் எல்லாம் அங்கே. மணி ஒன்றில் எவ்வளவு சின்னத் துளை போட்டிருக்கிறார்கள் என்று அவளை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு காக்காயந்தோப்பு வழியே அரிக்கமேட்டுக்குப் போய், ஆற்றைக் காட்டி, "படகு எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும்?" என்று கேளுங்கள். இன்னொரு சேதியும் அவளுக்குப் பிடிக்கும்: 1930களில் இந்த இடத்தின் மீது ஆராய்ச்சியாளர் ழுவோ துப்ரேயின் கவனம் திரும்பியதற்கு உள்ளூர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளும் ஒரு காரணம், அவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார். இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம், ஓட்டுத்துண்டு கிடைத்தாலும் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும்.

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும். நாற்பது பிள்ளைகளோடு ஒரு திங்கட்கிழமை பூட்டிய கதவின் முன் போய் நின்று அசடு வழிந்தவன் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

மாசி மகத்துக்கு இரண்டு வயதுக் குழந்தையோடு போகலாமா? மாமியார் போயே ஆக வேண்டும் என்கிறார். (முத்தியால்பேட்டை)

போகலாம், ஆனால் தீர்த்தவாரி நடக்கும் நேரத்தில் தண்ணீர் ஓரத்துக்கு வேண்டாம். வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகன் உட்பட எத்தனையோ ஊர்ச் சாமிகள் வரிசை கட்டி இறங்கும்போது கூட்டம் நெட்டித் தள்ளும். விடிகாலையில் போய்ப் பந்தலில் சாமிகளைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். மாமியாரைத் தம்பியோடோ நாத்தனாரோடோ இருக்கவிட்டு வரலாம். சற்றுப் பெரிய பிள்ளைகள் என்றால் உள்ளங்கையில் பேனாவால் போன் நம்பர் எழுதிவிடுங்கள். சட்டைப் பையில் சீட்டு வைப்பது உதவாது, நனைந்துவிடும்.

கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் இருக்கிறது. கூடவே என் சிபாரிசு கிள்ளை. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத்துக்குக் கடலாட அங்கே வரும்போது, வழியில் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள். காலங்காலமாக நடப்பது. நல்லிணக்கம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதைவிட அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் பிள்ளையை நிற்க வையுங்கள்.

தேர் பார்க்க வேண்டுமென்றால் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரும், ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரும். ஆட்சியாளர்கள் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி. ஏன் என்று எட்டாவது படிக்கும் பிள்ளையைத் தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால் அதுவே ஒரு புராஜெக்ட்.

கோடை முகாமுக்கு ஒரு பிள்ளைக்கே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். (பண்ருட்டி)

ஏசி அறையில் களிமண் பிசையவைத்து, கடைசி நாளில் சான்றிதழைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கும் முகாம் ஒன்றை நானும் பார்த்தேன். களிமண் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் கடலூரில் இருக்கிறது. 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் போன்றவை, கட்டணம் மிகக் குறைவு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏப்ரல், மே வாக்கில் மாவட்ட விளையாட்டரங்கில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயிற்சி முகாம் வைக்கும். கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் நேராகப் போய்க் கேளுங்கள். புதுச்சேரியில் ஜவகர் சிறுவர் இல்லம். எல்லாவற்றுக்கும் அறிவிப்பு செய்தித்தாளின் உள்பக்க மூலையில்தான் வரும், இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அக்கா தங்கை பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பும் எண்ணமிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன, தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டியோடு லீவு ஒத்துப்போவதில்லை. இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

பேரப்பிள்ளைகள் பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். எந்நேரமும் போன்தான். நாலு நாளில் என்ன செய்ய முடியும்? (நெல்லிக்குப்பம், வயது 68)

பெரியவரே, சரியான நாளில்தான் வருகிறார்கள். பொங்கலையொட்டி நாலு நாள் தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். விதி மிக எளிது: ஏதாவது ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளை எண்ணிக் குறித்து, ஈபேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். இதற்குப் போன் வேண்டுமே! பிடுங்காமல் வேலை வாங்குங்கள். உங்கள் கொல்லைப்புறமே போதும். காகம், மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து, கரும்புக் கொல்லையோரக் கொக்கு எல்லாம் கணக்கில் சேரும். பெயர் சொல்ல நீங்கள், ஏற்ற அவர்கள்.

ஒரு நாள் விடியலில் ஊசுட்டேரிக்கோ பாகூர் ஏரிக்கோ போய்வாருங்கள். நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, கூழைக்கடா, அதிர்ஷ்டமிருந்தால் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து. மழை அதிகம் பெய்து ஏரி ததும்பினால் பறவை குறைவு என்று சலித்துக்கொள்வார்கள்; ஆழம் கூடினால் உள்ளான்கள் நின்று மேயச் சேறு இருக்காது, பக்கத்து வயல்களுக்கு நகர்ந்துவிடும். அப்போது ஏரியை விட்டுவிட்டு வயலைப் பாருங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட வரும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடும். ஆக, குஞ்சு பார்க்க மார்ச், ஏப்ரல்தான் தோது. பேரப்பிள்ளைகளிடம் இப்போதே ஆசை காட்டி வைத்தால் கோடைக்கும் வருவார்கள், உங்கள் பாட்டியம்மாவுக்கும் மகிழ்ச்சி. வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் அழைக்கும் நேரத்துக்குப் போக வேண்டும். டார்ச், பிளாஷ் இரண்டும் கூடாது, குஞ்சுகள் வெளிச்சம் பார்த்துத் திசை மாறிவிடும்.

மேளம், ஒலிபெருக்கி கேட்டாலே என் மகன் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். திருவிழா, கண்காட்சி எதற்கும் போக முடிவதில்லை. (அரியாங்குப்பம்)

கூட்டத்துக்குப் பழக்கியே தீர வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. எல்லாரும் மாலையில் போகிறார்கள், நீங்கள் காலை ஐந்தரைக்குப் போங்கள். ஹாரன் இல்லாத ஒன்றரைக் கிலோமீட்டர். பாறைகள் மேல் மட்டும் ஏற விடாதீர்கள், பாசி வழுக்கும். தாவரவியல் பூங்கா 1826இல் உருவானது. வேலை நாள் காலையில் அங்கே மரங்களும் காக்கைகளும்தான் துணை. இலை பொறுக்கி ஒட்டும் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் போகாதீர்கள். ரோமன் ரோலன் நூலகத்துச் சிறுவர் பகுதியும் அமைதியானது.

நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் போகிறோம். பிள்ளைகள் ஸ்டிக்கரும் பஜ்ஜியும் வாங்கித் திரும்புகிறார்கள். (குறிஞ்சிப்பாடி)

பஜ்ஜியைக் குறை சொல்ல மாட்டேன். ஜூலை வாக்கில், பதினோராவது வட்டத்தில் லிக்னைட் ஹாலில் நடக்கும் அந்தக் கண்காட்சிக்கு நான் போவதில் கால்வாசி அதற்காகத்தான். பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் நூறு ரூபாய் கொடுத்து, "இது உன் காசு, என்ன வாங்கினாலும் கேள்வி கேட்க மாட்டேன், ஆனால் புத்தகம்தான்" என்று சொல்லிவிடுங்கள். முதல் சுற்றில் வாங்கக் கூடாது, சுற்றி வந்து விலை எழுத வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்துத் திணித்த பொது அறிவுப் புத்தகம் பரண் ஏறும். அவர்கள் பேரம் பேசி வாங்கிய பேய்க்கதை கிழியும் வரை படிக்கப்படும்.

போகும் வழியில் வடலூரில் இறங்குங்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமசாலையில் இன்றும் அணையாமல் எரிகிறது. பந்தியில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறலாம்.

ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்குள் ஆறு வயதுப் பிள்ளையை விடுவார்களா? (திண்டிவனம்)

உள்ளே விட மாட்டார்கள், பத்து வயதாவது ஆக வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் இடம் வரை அழைத்துப் போகலாம். ஆலமரம் வரை நடக்கவே பிள்ளைக்கு நேரம் சரியாக இருக்கும்.

எங்கள் நகர் நலச்சங்கம் சார்பில் பிள்ளைகளுக்கு ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த ஆசை. பேச்சுப்போட்டி, மாறுவேடம் தவிர வேறு யோசனை? (கோண்டூர், கடலூர்)

நிலா பார்க்கும் இரவு வையுங்கள். பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், முழு நிலவில் நிழல் விழாது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். அமாவாசை கழிந்து ஏழெட்டாம் நாள், பாதி நிலவு மாலையிலேயே உச்சியில் நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் குழி குழியாகத் தெரியும். ஒரு தொலைநோக்கி, அதை இயக்கத் தெரிந்த ஒருவர், தெருவிளக்கை ஒரு மணி நேரம் அணைக்க ஏற்பாடு, இவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் மழை, வேண்டாம். பிப்ரவரி நல்லது, பொதுத்தேர்வுப் பிள்ளைகள் உள்ள வீடுகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைக் வைப்பதானால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும், இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. என்னைக் கேட்டால் மைக்கே வேண்டாம். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பெரியவன் சின்னவனுக்கு என்ன தெரிகிறது என்று சொல்லிக்கொடுப்பான். தலைவர் உரையைச் சுண்டல் கொடுக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.