பாசஞ்சர் வண்டிக்கு எக்ஸ்பிரஸ் காசா?

சென்ற முறை இந்தப் பகுதியில் ஆம்னி பஸ் கட்டணம் பற்றி எழுதினாலும் எழுதினேன், வாசகர்களிடமிருந்து வந்த தபால் முழுக்க ரயில் கேள்விகள். அதுவும் வந்தே பாரத் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாம் பாசஞ்சர், மெமு (மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வண்டி), சீசன் டிக்கெட் சமாசாரம். நானும் முன்பதிவில்லாத பெட்டியில் இடம் பிடித்துப் போகிற ஆள்தான் என்பதால், சட்டத்தில் இருப்பதோடு கண்ணில் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு அடிக்கடி போகிறேன். ஒரு நாள் ஒரு விலை, இன்னொரு நாள் அதைப்போல் இரண்டு மடங்கு. கேட்டால் "அது எக்ஸ்பிரஸ் டிக்கெட்" என்கிறார்கள். நான் ஏறுவதோ வழியெல்லாம் நின்று நின்று போகிற வண்டி. கவுண்டரில் ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை. ஆனால் நீங்கள் கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை.

முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில் மூன்று விதமான டிக்கெட் உண்டு: சாதாரணம், மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட். சாதாரண வண்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸுக்கு 30. சூப்பர்ஃபாஸ்ட் என்றால் எக்ஸ்பிரஸ் கட்டணத்தின் மேல் இன்னும் 15 ரூபாய். கவுண்டரில் போய் வெறுமனே "தஞ்சாவூர் ஒண்ணு" என்றால் பெரும்பாலும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்தான் கையில் விழும். அதை வைத்துக்கொண்டு பாசஞ்சரிலும் ஏறலாம், எக்ஸ்பிரஸிலும் ஏறலாம், யாரும் திரும்பி வந்து சண்டை போட மாட்டார்கள் என்பது கவுண்டர்காரரின் கணக்கு. பாசஞ்சரில் போகிறவருக்கு அது நஷ்டக் கணக்கு. பயணம் முடிந்த பிறகு வித்தியாசத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே "பாசஞ்சருக்கு, தஞ்சாவூர் ஒண்ணு" என்று வண்டியின் ரகத்தை முதலில் சொல்லுங்கள். டிக்கெட்டை வாங்கியதும் நகராமல் அங்கேயே நின்று ரகம் எது என்று பாருங்கள். ஊர்ப் பெயரோடு அதுவும் அச்சாகியிருக்கும். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

வண்டியின் ரகத்தைக் கண்டுபிடிக்க அதன் எண் போதும். ஐந்து இலக்க எண்ணில் முதல் இலக்கம் 5 என்றால் பாசஞ்சர், 6 என்றால் மெமு, 7 என்றால் டெமு (டீசலில் ஓடும் குறுந்தூர வண்டி). தெற்கு ரயில்வேயில் இவை 56, 66, 76 என்று தொடங்கும். மூன்றுக்கும் சாதாரணக் கட்டணம். 16 என்று தொடங்கினால் எக்ஸ்பிரஸ். 12, 20, 22 என்றால் சூப்பர்ஃபாஸ்ட். 0 என்று தொடங்குவது சிறப்பு ரயில்; அதற்கு எந்தக் கட்டணம் என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

உங்கள் குழப்பத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை 0 எண்ணோடு "சிறப்பு எக்ஸ்பிரஸ்" என்று ஓட்டினார்கள். அதே பெட்டி, அதே நிறுத்தங்கள், குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 30. தினக்கூலிக்குப் போகிறவர்கள் மூன்று வருடத்துக்கு மேல் அதைக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் பழைய மாதிரி எண்களும் வந்தன. ஆனால் எல்லா வண்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. திருச்சி - பாலக்காடு டவுன் (16843), மதுரை - புனலூர் (16729) போன்றவை பாசஞ்சராக இருந்து நிரந்தரமாக எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டன. உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் செங்கோட்டை வண்டியும் (16847) எக்ஸ்பிரஸ்தான். சிறு ஊர்களில் நின்று போவதைப் பார்த்துப் பாசஞ்சர் என்று நினைத்துச் சாதாரண டிக்கெட்டோடு ஏறினால் டி.டி.ஆரிடம் மாட்டுவது நீங்கள்தான். அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி. வேகம் கூடாமல் பெயர் மட்டும் மாறியதற்கு மக்கள் கூடுதலாகக் கொடுப்பது சரியில்லை என்பதே என் கருத்து. ஆனால் அதைப் பெட்டிக்குள் டி.டி.ஆரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

கேள்வி: அரியலூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகிறேன். சீசன் எடுத்தால் லாபமா? மாதச் சீசனா, மூன்று மாதமா? பல்லவன், வைகையில் ஏறலாமா?

இரண்டாம் வகுப்பு மாதச் சீசனுக்குப் பொதுவாக 15 ஒருவழிப் பயணக் கட்டணத்தை வாங்குகிறார்கள். போக வர எட்டு நாள் பயணம் செய்தாலே போட்ட காசு வந்துவிடும். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போகிறவருக்குக்கூட லாபம்தான். தூர வரம்பு 150 கிலோமீட்டர், உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் கட்டணத்தை ஏற்றியபோது சீசனைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மூன்று மாதச் சீசன், மாதச் சீசனைப்போல் 2.7 மடங்கு. அதாவது சுமார் ஒன்பது நாள் காசு மிச்சம். பயன்படுத்தாத நாளுக்குப் பணம் திரும்பாது. அதனால் அந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்தாற்போல் பத்து நாளுக்கு மேல் ஊருக்கோ கல்யாணத்துக்கோ போகப் போகிறீர்கள் என்றால் மாதச் சீசனாக எடுத்து, இடையில் விட்டு, வந்தபின் புதுப்பிப்பதே மலிவு. தொடர்ந்து போகிறவர் மூன்று மாதத்துக்கு எடுக்கட்டும். தீரும் தேதிக்கு 10 நாள் முன்பே புதுப்பிக்கலாம். ஒன்றாம் தேதி வரிசையில் போய் நிற்காதீர்கள்.

பல்லவன் (12606), வைகை (12635) இரண்டும் சூப்பர்ஃபாஸ்ட். சீசனோடு சூப்பர்ஃபாஸ்டுக்கான கூடுதல் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தால் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறலாம். டி1, டி2 என்று எழுதிய முன்பதிவுப் பெட்டியில் காலியாக இருக்கிறதே என்று உட்காரக் கூடாது. சில எக்ஸ்பிரஸ்களில் குறிப்பிட்ட இரு ஊர்களுக்கு நடுவே மட்டும் ஒரு ஸ்லீப்பர் பெட்டியை முன்பதிவில்லாதவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்தப் பட்டியலை ரயில்வே தனியாக அறிவிக்கும். அறிவிப்பைப் பார்க்காமல், "எல்லாரும் ஏறுறாங்க" என்பதை நம்பி ஏறி அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். சீசனோடு போட்டோ ஒட்டிய அடையாள அட்டையும் பையில் இருக்க வேண்டும். தம்பிக்கு ஒரு நாள் இரவல் தருகிற வேலை வேண்டாம், அது டிக்கெட் இல்லாத பயணம்தான்.

கேள்வி: செயலியில் காட்பாடி - ஜோலார்பேட்டை டிக்கெட் எடுத்தேன். ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வண்டி போய்விட்டது. ரத்து செய்யப் பார்த்தால் வழியே இல்லை. பணம் போச்சா?

டிக்கெட் எடுத்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள் அடுத்த வண்டி வந்தால் அதே டிக்கெட்டில் ஏறுங்கள், ரகம் மட்டும் பொருந்த வேண்டும். 199 கிலோமீட்டர் வரையிலான பயணங்களுக்கு 2016 முதல் இதுதான் விதி.

ரத்து செய்வது வேறு கதை. செயலியில் எடுத்த காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. கவுண்டரில் வாங்கிய காகித டிக்கெட்டை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் ஆளுக்கு 30 ரூபாய் பிடிப்பார்கள். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய் பிடித்தம்! இந்த விதி இருக்கும்வரை குறுந்தூரப் பயணிக்கு "திருப்பித் தருகிறோம்" என்பது எழுத்தில் மட்டும்தான்.

செயலி பயன்படுத்துகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் தீர்ந்தது. அப்புறம், ஸ்டேஷன் எல்லைக்குள் வந்தபிறகு காகிதமில்லா டிக்கெட் எடுக்க விடாது. உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், இல்லையென்றால் டிக்கெட் இயந்திரத்துக்குப் போங்கள். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லாத டிக்கெட் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

கேள்வி: நான் போகும் பாசஞ்சர் நடுவழி ஸ்டேஷன்களில் முக்கால் மணி தாமதம். இணையத்தில் பார்த்தால் "சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது" என்கிறது. அலுவலகத்தில் சம்பளம் பிடிக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

இணையம் பொய் சொல்லவில்லை. அட்டவணையைக் கையில் எடுத்து, உங்கள் வண்டிக்குக் கடைசி இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பதினைந்து நிமிடத்தில் கடக்கிற தூரத்துக்கு நாற்பது நிமிடம் போட்டிருப்பார்கள். எதிர் வண்டிக்கு வழிவிடவும், பின்னால் வருகிற எக்ஸ்பிரஸை முன்னால் அனுப்பவும் பாசஞ்சரை லூப் லைனில் (ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்பதற்கான பக்கத் தடம்) நிறுத்துவார்கள். அந்தத் தாமதத்தை எல்லாம் கடைசித் துண்டில் விழுங்குவதற்காக வைத்திருக்கும் நேரம் அது. நேரம் தவறாமையைக் கடைசி ஸ்டேஷனில் கணக்குப் பார்ப்பதால், வண்டி கடைசியில் நல்ல பெயர் வாங்கிவிடும். நடுவில் இறங்குகிற உங்கள் முக்கால் மணி எந்தக் கணக்கிலும் ஏறாது.

வழக்கு என்றால், தாமதத்துக்கு இழப்பீடு கிடைத்த முன்னுதாரணம் உண்டு. 2016ல் அஜ்மீர் - ஜம்மு ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டவருக்கு, டாக்ஸிச் செலவு உட்பட 30,000 ரூபாய் தர வேண்டும் என்ற தீர்ப்பை 2021ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணத்தை ரயில்வே விளக்கி நிரூபிக்க வேண்டும் என்றது. ஆனால் அவரிடம் விமான டிக்கெட், டாக்ஸிச் செலவு என்று காட்டுவதற்கு இருந்தது. உங்களிடம் சம்பளப் பிடித்தத்துக்கு ரசீது உண்டா? இருந்தால் தாராளமாகப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம், காலவரம்பு இரண்டு ஆண்டு.

இல்லையென்றால் தனியாளாக வழக்குப் போடுவதைவிட, சீசன் பயணிகள் பத்துப் பேர் சேர்ந்து ரயில்வே கோட்ட மேலாளருக்கு எழுதுவது பலன் தரும். "வண்டி லேட்" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு நின்றது, எந்த வண்டி தாண்டிப் போனது என்று எழுதுங்கள். அட்டவணையை மாற்றுகிறவர்களுக்கு அந்தத் தகவல்தான் உதவும். கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் யாரையாவது பிடித்து நகல் ஒன்றைக் கொடுங்கள்.

கேள்வி: கூட்ட நெரிசலில் ஓடும் வண்டியிலிருந்து விழுந்து என் அண்ணன் இறந்துவிட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை. முன்பதிவில்லாத பயணம் என்பதால் இன்சூரன்ஸ் இல்லை என்கிறார்கள். எங்களுக்கு எதுவுமே இல்லையா?

இருக்கிறது. தயவுசெய்து யார் பேச்சையும் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் முன்பதிவு செய்யும்போது 45 பைசாவுக்கு எடுப்பது தனிக் காப்பீடு. அது முன்பதிவில்லாத பயணிக்குக் கிடையாது என்பது உண்மை. ஆனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு வேறு. முறையான டிக்கெட்டோ சீசனோ வைத்திருந்த எந்தப் பயணியும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தால் ரயில்வே இழப்பீடு தர வேண்டும். யார் தவறு என்ற கேள்வி அங்கே இல்லை. 2017 ஜனவரி முதல் தொகை 8 லட்சம் ரூபாய். தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், குடிபோதை, குற்றச் செயல், மனநலம் குன்றிய நிலையில் செய்தது, இயற்கையான நோய் ஆகியவை மட்டும் விலக்கு.

உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே அவர் பயணி இல்லை என்று ஆகிவிடாது. ரீனா தேவி வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கிருந்து எங்கே போனார், எப்படி டிக்கெட் எடுத்தார் என்று குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்குப் போகிறது. ஏறும்போதோ இறங்கும்போதோ கவனக்குறைவு இருந்தது என்பதைத் "தானே வருவித்த காயம்" ஆக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இதற்கு நுகர்வோர் ஆணையம் அல்ல, ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான் இடம். சென்னையில் அமர்வு இருக்கிறது. ரயில்வே போலீஸின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், உடன் பயணித்தவர் யாராவது இருந்தால் அவர் வாக்குமூலம், இவற்றைச் சேர்த்து வையுங்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். போனில் டிக்கெட் எடுக்கும் பழக்கம் அண்ணனுக்கு இருந்திருந்தால் அந்தச் செயலியையும் வங்கிக் கணக்கையும் பாருங்கள், அன்றைய டிக்கெட்டின் தடம் அதில் இருக்கலாம்.

கேள்வி: பிளாட்பாரக் கடையில் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய். "கூலிங் சார்ஜ்" என்கிறார்கள். சரியா?

இல்லை. ரயில்வேயே விற்கும் 'ரயில் நீர்' பாட்டில் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய், அரை லிட்டர் 9 ரூபாய். ஸ்டேஷனில் விற்க அனுமதித்த மற்ற கம்பெனித் தண்ணீருக்கும் அதே விலை. குளிர்விப்பதற்கென்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. கடையின் பெயர்ப் பலகையையும் பாட்டிலையும் ஒரு படம் எடுத்து ரயில்வேயின் புகார் தளமான 'ரயில் மதத்'தில் (RailMadad) போடுங்கள், அல்லது 139 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பிளாட்பார எண்ணையும் சொல்ல மறக்காதீர்கள். அதில்லாமல் போகிற புகார்களை "கடையை அடையாளம் காண முடியவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள்.